புதுப்பட்டியில் விட்டுவந்த சைக்கிள்

தை மாதத்து வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணிக்கு, விருதுநகர் ரயில் நிலைய வாசலில் இருந்து ஐந்து பேர் சைக்கிளில் கிளம்பினோம். நானும் என் தோழி ஜெயந்தியும் திருச்சியிலிருந்து வந்தவர்கள். மதுரைக்காரரான சேகர்தான் வழிகாட்டி; சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்பு வரை போவதாகத் திட்டம். அவருடைய நண்பர்கள் இருவரும் உடன் வந்தார்கள். ஜெயந்தி ஒரு வருடமாக இந்தப் பயணத்துக்காக விடியலில் எழுந்து சைக்கிள் மிதித்துப் பழகியவள்.

ஊர் எல்லையைத் தாண்டும்வரை மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிகளின் மிளகாய் நெடி கூடவே வந்தது. பிறகு இருபுறமும் மக்காச்சோளமும் பருத்தியும். ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. கரையோரக் கடையில் பன்னிரண்டு ரூபாய்க்குக் குடித்த டீயில் இஞ்சி தூக்கலாக இருந்தது. அன்றிரவு சிவகாசியில் தங்கினோம்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே புறப்பட்டோம். வழியிலிருந்த புதுப்பட்டிக்கு நாலைந்து கிலோமீட்டர் இருக்கும்போது ஆடு ஒன்று குறுக்கே பாய, ஜெயந்தி பிரேக்கைப் பிடித்தாள். ஜல்லியில் சக்கரம் வழுக்கி, இடது தோளில் விழுந்தாள். கையைத் தூக்க முடியவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

பின்னால் வந்த பட்டாசு கம்பெனி வேன் ஒன்று நின்றது. உள்ளே, வேலை முடிந்து புதுப்பட்டிக்குத் திரும்பும் பெண்கள். உட்கார இடமில்லை. முன் இருக்கையில் இருந்த ஒருத்தி இறங்கி, ஜெயந்தியைத் தாங்கிப் பிடித்துத் தன் இடத்தில் உட்கார வைத்தாள். பெயர் முத்துலட்சுமி; முப்பது வயதிருக்கும். கைகளில் சாம்பல் நிற மருந்துப் பொடி இன்னும் ஒட்டியிருந்தது.

"அண்ணே, வண்டியச் சிவகாசிக்குத் திருப்புங்க" என்றாள் டிரைவரிடம். வீடு நெருங்கிய நேரத்தில் இத்தனை பேரும் வந்த வழியே திரும்ப வேண்டும். ஒருவரும் மறுக்கவில்லை. நெருக்கி உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுத்தார்கள்.

வேனின் மேலே ஒரு சைக்கிளுக்குத்தான் இடமிருந்தது; அதில் என்னுடையதைக் கட்டினார்கள். ஜெயந்தியின் சைக்கிளை முத்துலட்சுமி பிடித்துக்கொண்டாள். "இத நான் எங்க வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போறேன். பள்ளிக்கூடத்துல குடுத்த சைக்கிள ஓட்டுனவதேன்." சேகரும் நண்பர்களும் அவளோடு கிளம்பினார்கள்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். தோள்பட்டை எலும்பில் விரிசல். கையைத் துணியில் தொட்டில்போல் கழுத்தோடு கட்டி, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார்கள். பெண்களை ஊரில் இறக்கிவிட்ட டிரைவர் எங்களைப் புதுப்பட்டிக்குக் கூட்டிப்போக மறுபடியும் வந்து காத்திருந்தார். ஜெயந்தியின் பயணம் முடிந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

முத்துலட்சுமியின் வீட்டில் சேகரும் நண்பர்களும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். எங்களுக்குச் சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. கியர் மாற்றத் தெரியாமல் முதல் ஒரு கிலோமீட்டர் திண்டாடிய முத்துலட்சுமி, பிறகு எல்லோருக்கும் முன்னால் போய்விட்டதாகச் சேகர் சொன்னார். அவள் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு சைக்கிளில் ஏறுவது இதுதான் முதல் தடவையாம்.

ஜெயந்தி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "நாளைக்கு லீவுதானே? ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் எனக்குப் பதிலா நீங்க ஓட்டுறீங்களா?"

முத்துலட்சுமி கணவனைப் பார்த்தாள். அவரும் அதே கம்பெனியில் வேலை பார்ப்பவர். "புள்ளைகள நான் பாத்துக்கிடுதேன். போயிட்டு வா" என்றார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். ஜெயந்தி பேருந்தில் வருவதாக ஏற்பாடு. முத்துலட்சுமி சுடிதார் போட்டு, ஜெயந்தியின் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டாள். மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது. கண்மாய்க் கரை ஏறியதும் நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். கருவேலங்காட்டுக்கு நடுவில், ஒன்று வெடித்தால் அடுத்ததற்குப் பரவாதபடி தள்ளித் தள்ளி, பட்டாசு கம்பெனியின் சின்னச் சின்ன அறைகள்.

"இங்கன இருந்து பாத்தா எம்புட்டுச் சின்னதா இருக்கு" என்றாள். "ஒவ்வொரு நாளும் வீடு திரும்புனாப் போதும்னு இருக்கும்க்கா. இன்னைக்குத்தான் இன்னும் கொஞ்சம் போவோமேன்னு தோணுது."

சேர்ந்து மிதித்தோம்.

புதுப்பட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர் போல இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் ஜெயந்தி பால்கோவாவோடு காத்திருந்தாள். எலும்பு கூடும்வரை சைக்கிள் புதுப்பட்டியிலேயே இருக்கட்டும் என்றாள். முத்துலட்சுமி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. விலை கூடின வண்டி, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று தயங்கினாள்.

"ஓட்டாமப் போட்டாத்தான் கெடும்" என்றாள் ஜெயந்தி.

மலையடிவாரமாக வத்திராயிருப்பு வரை போவதாக இருந்ததை விட்டுவிட்டு, நாங்கள் மற்ற சைக்கிள்களோடு மதுரைப் பேருந்தைப் பிடித்தோம். திருச்சியில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு வேன் எனக்காகத் திரும்புமா என்று யோசித்தேன். வேறொருத்திக்காக நான் இறங்குவேனா என்றும் யோசித்தேன்.

பேருந்து நகர்ந்தபோது ஜன்னல் வழியே அவளைத் தேடினேன். பால்கோவாப் பொட்டலத்தை ஜெயந்தியின் சைக்கிளில் பின்னால் கட்டிக்கொண்டு, முத்துலட்சுமி தனியாகப் புதுப்பட்டிச் சாலையில் திரும்பியிருந்தாள். அவசரமே இல்லாமல் மிதித்துக்கொண்டிருந்தாள்.