குங்குமத்துக்குள் ஒளிந்த புள்ளி

திருகு சக்கரம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். அவற்றில் எது பெயிண்ட், எது குங்குமம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டிவனத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை உடைக்கும் மில் ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். படியும் வீசையும் போய்க் கிலோ வந்து, ஊரே தலையைச் சொறிந்துகொண்டிருந்த காலம். போதாக்குறைக்கு மில்லுக்குப் புது மெஷினும் வந்தது. பழையதில் காய் உடைபடும் இடைவெளி அங்குலக் கணக்கு, புதியதில் மில்லிமீட்டர். எண்ணெய்க்கு உடைக்க ஓர் அளவு, விதைக்கு உடைக்க வேறு அளவு. விதைப் பருப்பு உடைந்தால் முளைக்காது. எங்கள் மேஸ்திரி கணக்கெல்லாம் போடவில்லை. கைப்பிடி கைப்பிடியாகக் காய் போட்டு ஓட்டிப் பார்த்து, சரியாக வந்த இடங்களில், இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு சக்கரத்தில் சிவப்புப் பெயிண்டால் புள்ளி வைத்தார். பக்கத்தில் மில்லிமீட்டர் எண்ணையும் எழுதிவிடலாமே என்றேன்.

"நெம்பரு என்னாத்துக்குங்க, புள்ளி போதும்" என்றார்.

ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவிச் சந்தனம் தடவி, சக்கரத்தைச் சுற்றிலும் குங்குமப் பொட்டு வைத்தார்கள். மறுநாள் திருவக்கரைப் பக்கத்திலிருந்து என் அக்கா விதைக்காய் மூட்டையோடு வந்தாள். கார்த்திகைப் பட்டத்தில் விதைக்க அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். எப்போதும் கையால் உடைப்பவள், பூஜை முடிந்த முதல் ஓட்டம் தன் மூட்டையாக இருந்தால் ராசி என்று பிடிவாதமாக நின்றாள்.

மேஸ்திரி சக்கரத்தை உற்று உற்றுப் பார்த்தார். பொட்டைத் துடைத்தால் பெயிண்ட் தெரியுமே என்றேன். பூஜைப் பொட்டைத் துடைப்பதா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏதோ ஒரு புள்ளிக்குத் திருகி ஓட்டினார். பருப்பு பாதி பாதியாக விழுந்தது. ஆனால் முதல் ஓட்டத்தை நடுவில் நிறுத்தினால் வருஷம் முழுக்க ஆகாது என்பது எங்கள் மில்லின் நம்பிக்கை. மேஸ்திரி அக்காவைப் பார்த்தார்.

"ஓட்டுங்க, நிறுத்தாதீங்க" என்றாள் அவள்.

பிறகு மூவரும் தரையில் உட்கார்ந்து முழுப் பருப்பைப் பொறுக்கினோம். மேஸ்திரி தலை நிமிரவே இல்லை. ஒரு முறம் தேறியது. அந்தப் பட்டத்தில் அக்காவின் கொல்லை நிலம் பெரும்பகுதி தரிசாகக் கிடந்தது.

மேஸ்திரி போய்ப் பல வருஷமாகிறது. அக்காவுக்கு இப்போது பல்லெல்லாம் போய்விட்டது. இந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. போன வாரம்கூடக் கேட்டாள்:

"நானும் பாத்துக்கினுதானடா நின்னேன். மேஸ்திரி மேலயும் கோவம் வரல, சாமி மேலயும் வரல. அப்ப நான் யாரைத்தான் திட்டறது?"