பள்ளத்து ஓரம் அடித்த முளை

எங்கள் தெருவில் பழைய சாக்கடைக் குழாயை மாற்றப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். தறியில் ஏற்றும் பாவு, அதாவது நீளவாட்டுப் பட்டு இழைகளை, தெருவில் நீட்டித்தான் கஞ்சி போடவேண்டும். பள்ளம் மூடும்வரை காத்திருக்கப் பொறுமையின்றி, பள்ளத்து ஓரத்திலேயே முளை அடித்துப் பாவை விறைப்பாகக் கட்டினேன்.

சற்று நேரத்தில் பாவு தொய்ந்தது. "யாருப்பா முளைய ஆட்டறது?" என்று சண்டைக்குப் போனேன். அங்கே யாருமில்லை; முளை தானாகவே பள்ளத்துப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே ஒருவர் குனிந்து குழாய் பொருத்திக்கொண்டிருந்தார்.

"மேல வாண்ணா, மண்ணு நவுருது" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் ஏறிய மறுகணம் கரை சரிந்தது. பாவும் உள்ளே போனது.

"உன் பாவுதாம்பா என்னைக் காப்பாத்துச்சி" என்றார்.

தெருவே கூடி என்னைக் கொண்டாடியது. முளை அடித்து அந்தக் கரையை இளக்கியவன் நான்தான் என்று யாருக்கும் உறைக்கவில்லை. இப்போதெல்லாம் தெருவில் பள்ளம் வெட்டினால், அது மூடும்வரை நான் முளையைத் தொடுவதில்லை.