எல்வா எழுதிய ஹாட்ரல் வம்சம்

எல்வா ஹாட்ரல் முப்பத்தொரு வருடம் எங்கள் ஊர் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார். டார்லோஸ் வெல் என்ற எங்கள் சிற்றூரில் யார் யாரோடு பேசினாலும் எல்வாவைத் தாண்டித்தான் பேச வேண்டும். எந்த வீட்டு மகன் கோபித்துக்கொண்டு கிளம்பினான், மருத்துவர் யாருக்கு என்ன சொன்னார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 1977இல் தானியங்கி நிலையம் வந்து அவரை வீட்டுக்கு அனுப்பியபோது அவருக்கு அறுபத்தொரு வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு கோழிக்கூடு, ஒரு எலுமிச்சை மரம், அவ்வளவுதான் அவர் குடும்பம்.

நான் அந்த வம்சத்துக்கு மருமகளாக வந்தவள். என் கணவர் கீத்துக்கு எல்வா பெரியப்பா மகள். பள்ளி அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. அதனால்தான் இந்தக் கதைக்குள் வந்தேன்.

1986இல் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு நூற்றைம்பது வயது நிறைகிறது என்று நான்கைந்து வருடம் முன்பிருந்தே பழைய குடும்பங்களெல்லாம் ஒன்றுகூடவும் தங்கள் வரலாற்றைப் புத்தகமாகப் போடவும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தன. எங்கள் குடும்பத்துக்கு மெர்வ் தலைவர். அவரும் எல்வாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்தான். அவரைவிட இரண்டு வயது மூத்தவர், கோதுமை விவசாயி, தேவாலயக் குழுவில் மூப்பர். வேலையில்லாமல்தானே இருக்கிறாய் என்று வம்ச வரலாற்றை எல்வா தலையில் கட்டினார்.

எங்களுக்கு வரலாறு ஏற்கெனவே தெரியும் என்றுதான் நினைத்திருந்தோம். கொள்ளுத் தாத்தா ஜோசையா ஹாட்ரல் 1839இல் கருவிப் பெட்டியோடு கப்பலில் வந்த தச்சர். மார்கரெட்டை மணந்தார். கல்வீடு கட்டினார். பதினொரு குழந்தைகள், அதில் ஏழு தங்கின. சிட்னிக்காரர்களும் ஹோபார்ட்காரர்களும் கைதிகளின் வாரிசுகள். நம் மாநிலத்துக்கு இங்கிலாந்திலிருந்து கைதிக் கப்பல் வந்ததேயில்லை என்று மெர்வ் ஒவ்வொரு மேடையிலும் சொல்லுவார்.

எல்வா வியாழக்கிழமைதோறும் பேருந்தில் அடிலெய்டு நூலகத்துக்குப் போய் வந்தார். மதிய உணவுக்கு முட்டை சாண்ட்விச் கட்டி எடுத்துக்கொள்வார். மூன்று வருடம் கப்பல் பயணிகள் பட்டியல்களைப் பார்த்தார். ஜோசையா எதிலும் இல்லை. கடைசியில், வேறு வழி தோன்றாமல், ஹோபார்ட் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் போட்டார்.

பதில் வந்த அன்று என்னை அழைத்தார். சமையலறை மேசையில் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். ஜோசையா ஹாட்ரல், இங்கிலாந்தில் வில்ட்ஷயர், பண்ணைக் கூலி. 1832இல் ஒரு மூட்டை கோதுமை திருடியதற்கு ஹோபார்ட்டுக்கு ஏழு வருட நாடுகடத்தல். நீலக் கண். இடது கை சுண்டுவிரலில் பாதி இல்லை.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜோசையாவின் படம் தொங்குகிறது. இடது கையைக் கோட்டுக்குள் செருகியபடி நிற்பார். அது அந்தக் காலத்து மிடுக்கு என்று நினைத்திருந்தோம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எல்வா சிரிக்கவில்லை. தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார். மணமானவர், ஒரு குழந்தை.

"இங்க மார்கரெட்டக் கட்டிக்கிட்டப்போ பதிவேட்டுல பிரம்மச்சாரின்னு இருக்கு. அப்ப அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்றார்.

மெர்வ் என்ன சொல்வாரோ என்ற கவலை எனக்கு. எல்வாவுக்கு அந்தக் கவலை வந்ததாகவே தெரியவில்லை. அன்றே வில்ட்ஷயரில் அந்தக் கிராமத்துப் பாதிரியாருக்கு எழுதினார். பாதிரியார் அந்தக் கடிதத்தை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உரக்கப் படித்திருக்கிறார். நான்கு மாதம் கழித்து பெரில் ஸ்டோக் என்ற பெண்மணியிடமிருந்து பதில் வந்தது. ஜோசையாவின் முதல் மனைவி பெயர் ஆன். அவர்களுடைய ஒரே மகன் தாமஸ். தான் தாமஸின் கொள்ளுப் பேத்தி என்று எழுதியிருந்தார். கூடவே குடும்பத்தில் பாதுகாத்து வந்த ஒரு கடிதத்தின் நகல். 1844இல் அடிலெய்டிலிருந்து ஆனுக்குப் போனது.

"மதிப்புக்குரிய அம்மணி, உங்கள் கணவர் ஜோசையா ஹாட்ரல் சென்ற மார்ச் மாதம் காய்ச்சலில் காலமானார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். கடைசியாக உங்கள் பெயரைத்தான் சொன்னார். இப்படிக்கு, நலம் விரும்பும் ஒருவர்."

ஜோசையா செத்தது 1881இல்.

எல்வா அந்த நகலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெர்வ் வீட்டுக்குக் காரில் கொண்டுபோய் விடச் சொன்னார். எதற்கு என்று வழியில் கேட்டேன். ஒரு தேதியைச் சரிபார்க்க வேண்டும் என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

குடும்ப பைபிள் மெர்வ் வீட்டில் இருந்தது. அதன் முதல் ஏட்டில் பதினொரு பிறப்புகளையும் நான்கு சாவுகளையும் மார்கரெட் தன் கையால் எழுதியிருந்தாள். ஜோசையாவுக்கு எழுதத் தெரியாது. திருமணப் பதிவேட்டில் சிலுவைக் குறிதான் போட்டிருக்கிறார். மெர்வின் மனைவி நான்ஸ் எங்களுக்குத் தேநீரும் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். எல்வா கேக்கைத் தொடாமல் ஏட்டைத் திறந்து, நகலை அதன் அருகில் வைத்தார்.

மார்கரெட் எழுதும் ஆங்கில 'd' எழுத்து ஒரு தினுசாக இருக்கும். அதன் தலை பின்னால் வளைந்து முந்தைய எழுத்துக்குக் குடை பிடிப்பதுபோல நிற்கும். கடிதத்திலும் அப்படியே நின்றது. ஹாட்ரல் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் அது இரண்டு தடவை வருகிறது.

மெர்வ் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எல்வா ஹோபார்ட் தாளையும் எடுத்துக் கொடுத்தார். நான்ஸ் சத்தமில்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"இத யார் யாருக்குக் காட்டியிருக்க?" என்று கேட்டார் மெர்வ்.

"இவளுக்கு. இப்ப உனக்கு."

"அதோட நிறுத்திக்கோ. புத்தகத்துல இது வேண்டாம்."

"வரணும் மெர்வ்."

"முப்பத்தொரு வருஷம் ஊர்க் கதை பூரா கேட்டுட்டு வாயத் தொறக்காதவ நீ. சொந்தக் குடும்பத்த மட்டும் சந்தியில இழுத்து விடணுமாக்கும்?"

"அதெல்லாம் அவங்க அவங்களுக்குள்ள பேசினது. என்கிட்ட பேசல, கம்பியில போச்சு. இந்தக் கடுதாசி எனக்கு வந்திருக்கு. உறையில என் பேரு இருக்கு. அந்தப் பொம்பள என்னக் கேக்குறா, என்ன நடந்துச்சுன்னு."

மெர்வ் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றார். "அப்போ என் பேர அதுலருந்து எடுத்துரு. என் பிள்ளைங்க பேரும் இருக்கக் கூடாது" என்றார்.

எல்வா சரி என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார்.

அதற்கப்புறம் ஆறு வாரம் அவர் ஒரு வரி எழுதவில்லை. நான் போனபோதெல்லாம் தோட்டத்தில் இருப்பார், அல்லது சும்மா உட்கார்ந்திருப்பார். மெர்வை நினைத்துத் தயங்குகிறார் என்று எண்ணினேன். அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது மார்கரெட். பத்தொன்பது வயதில், துணைக்கு ஒருவரும் இல்லாமல், வேலைக்காரியாகக் கப்பல் ஏறி வந்தவள். கடிதம் எழுதியபோது முதல் குழந்தை வயிற்றில் ஏழு மாதம். ஜோசையா சொல்லச் சொல்ல எழுதினாளா, அவனுக்கே தெரியாமல் எழுதினாளா? தெரியாமல் என்றால், அவன் சாகும்வரை ஊரிலிருந்து ஏதாவது வரும் என்று காத்திருந்தானா?

செய்தி எப்படியோ கசிந்து குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. கீத் ஜோசையாவைத் திட்டினார். என் மாமியாரும் அவர் தங்கைகளும் மார்கரெட்டைத் திட்டினார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் செத்தவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை விருந்தில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு.

ஆறு வாரம் கழிந்ததும் எல்வா ஒரேயடியாக எழுதி முடித்தார். ஆனுக்கு ஒரு அத்தியாயம், மார்கரெட்டுக்கு ஒரு அத்தியாயம். ஜோசையாவுக்குத் தெரியுமா என்ற இடத்தில் "தெரியவில்லை" என்று மட்டும் இருந்தது. நான் தட்டச்சு செய்யும்போது "தெரிந்திருக்கக்கூடும்" என்று போட்டுப் பார்த்தேன். பேனாவால் அடித்துவிட்டார். முதல் பக்கத்தில், முன்பே மெர்வ் எழுதிக் கொடுத்திருந்த வரி ஒன்று, ஜோசையா வந்தபோது இது ஆளில்லாத நிலம் என்றிருந்தது. அதையும் அடித்தார். ஏன் என்று கேட்டேன். கீத் உழும்போது எடுத்துவந்த பழங்குடிகளின் கல் கோடாரிகள் எங்கள் வீட்டு அலமாரியில்தானே இருக்கின்றன என்று கேட்டார். அந்த வரி இல்லாமலே தட்டச்சு செய்தேன். வம்ச வரைபடத்தில் மெர்வின் அப்பா பெயருக்குக் கீழே ஓர் இடம் வெறுமையாக விடப்பட்டது.

1986 அக்டோபரில் ஊர் மண்டபத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் கூடினோம். பெரில் ஸ்டோக்கும் வந்திருந்தார். எழுபத்திரண்டு வயது, குள்ளமான உருவம், முதல் விமானப் பயணம். எல்வா அவரைத் தன் வீட்டிலேயே தங்க வைத்திருந்தார். மெர்வ் வரமாட்டார் என்று பேசிக்கொண்டார்கள். வந்தார். யாரோடும் பேசாமல் நேரே பின்பக்கம் போய் ஆட்டிறைச்சி அறுக்கக் கத்தியை எடுத்துக்கொண்டார். அவரைப் போல அறுக்க எங்களில் வேறு ஆள் கிடையாது. சாப்பாடு முடியும்வரை அந்த மேசையைவிட்டு அவர் நகரவில்லை.

மறுநாள் பெரில் ஜோசையாவின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றார். அது மெர்வின் நிலத்தில் இருக்கிறது. வேலிக் கதவை அவர்தான் திறந்துவிட வேண்டும். திறந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். எங்களோடு நடந்து வந்தார்.

ஒரே கல்லில் ஜோசையா, மார்கரெட் இருவர் பெயரும் இருந்தன. கீழே "மரணத்திலும் பிரியாதவர்கள்" என்ற வரி. பெரில் அதைப் படித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

மெர்வ்தான் கேட்டார். "அந்த ஆன் அம்மா மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா?"

"இல்லைங்க" என்றார் பெரில். "முப்பத்தெட்டு வருஷம் கறுப்புத்தான் உடுத்தினாங்க. ஆயிரத்து எண்ணூத்து எண்பத்திரண்டுல செத்தாங்க. இவரு எண்பத்தொண்ணுல. கணக்குப் பாத்தா ஒரே ஒரு வருஷம்தான் நிஜமான விதவை."

மெர்வ் தொப்பியைக் கழற்றினார்.

"அதுக்காக இந்த மார்கரெட் மேல எனக்கு வெறுப்புன்னு சொல்ல முடியல" என்று பெரில் தொடர்ந்தார். "திருடன் பொண்டாட்டின்னு ஊர்ல யாரும் ஆனுக்கு வேல குடுக்கல. இந்தக் கடுதாசியப் பாதிரியார்கிட்டக் கொண்டுபோய்க் காட்டின பிறகு பெரிய வீட்டுல தையல் வேல கிடைச்சுது. அதுலதான் தாமஸ வளத்தாங்க. ஆனா அது இவங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. தனக்காகத்தான் எழுதியிருக்காங்க. நான் ரெண்டையும் நெனச்சுப் பாத்துட்டேன். ஒண்ண வச்சு இன்னொண்ண அழிக்க முடியல."

எல்வா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மெர்வ் தொண்டையைச் செருமினார். "ஒரு மூட்ட கோதுமைக்கா அனுப்பினாங்க?"

"ஒண்ணுதான். அதுலயும் பாதியத் திரும்பப் பிடிச்சுட்டாங்களாம்."

"போன வருஷம் என் கிடங்குல எலி தின்னது அதைவிட அதிகம்" என்றார் மெர்வ். பெரில் சிரித்துவிட்டார். திரும்பும்போது மெர்வ் அவரைக் கைத்தாங்கலாக மேட்டிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்குக் கூட்டிப் போய் பைபிளையும் காட்டினாராம். நான்ஸ்தான் பிறகு சொன்னாள்.

மனம் மாறிவிட்டதாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து இரண்டாம் பதிப்புக்கு எல்வா திருத்தங்கள் சேர்த்துக்கொண்டிருந்தபோது, மெர்வ் உரக்கடை நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளில் தன் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் எல்லோருடைய பிறந்த நாட்களையும் எழுதிக்கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தார். தேதிகள் தப்பில்லாமல் வரட்டும் என்று மட்டும் சொன்னாராம். கைதி என்று வரும் பக்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மேடைப் பேச்சை மட்டும் நிறுத்திவிட்டார்.

அந்தப் பதிப்பில் தாமஸின் வழி முழுக்கச் சேர்ந்தது. பெரில் இங்கிலாந்திலிருந்து பெயர் பெயராக அனுப்பிக்கொண்டிருந்தார். வரைபடத் தாளை இடப்பக்கம் ஒட்டி ஒட்டி நீட்டினோம். மேசை போதாமல் தரையில் விரித்து, எல்வா முழங்கால் போட்டு எழுதினார். 1991இல் பெரில் இறந்த செய்தி வந்தபோது அந்தத் தேதியை எல்வாவே எழுதினார். அன்று என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எல்வா இறந்தது 1995 ஆகஸ்டில், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில். எழுபத்தொன்பது வயது. புத்தகத்தில் அவரைப் பற்றி ஒரு வரிதான் உண்டு. "எல்வா மே, பிறப்பு 1916, தொலைபேசி நிலையப் பணியாளர்." அதற்கு மேல் ஏதாவது சேர்க்கலாமா என்று தட்டச்சு செய்த அன்று கேட்டிருந்தேன். "என்னத்தச் சேக்கப் போற? போதும்" என்றார். அட்டையிலும் அவர் பெயர் கிடையாது. அடக்கம் முடிந்த வாரம் நான் உறவினர் வீடுகளுக்குப் போய் அவரவர் புத்தகத்தை வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில் இறந்த தேதியையும், "இந்நூலை எழுதியவர்" என்ற சொற்களையும் மையால் எழுதிக் கொடுத்தேன். பதினேழு வீடுகள் முடிந்தன. மீதியை மெர்வின் மகள் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.