நிதானத்தின் இரண்டாம் ஓட்டம்

ஊரில் அவரை எல்லோரும் 'நிதானம்' என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. அமரர் ஊர்தி ஓட்டுகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான பட்டப்பெயர் அமைவது கடினம். முதல் கியரில், கிளட்சைப் பாதி மிதித்தபடி, பின்னால் நடந்து வருகிறவர்களின் நடைக்கு ஏற்ப வண்டியை உருட்டுவதுதான் அவர் வேலை. முன்னால் கிடக்கும் சாலையைவிடப் பக்கவாட்டுக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்ப்பார். கூட்டத்தில் ஒரு வயதானவர் தடுமாறினாலும், அழுதுகொண்டு வருகிற ஒருத்தி நின்றுவிட்டாலும், அவருடைய கால் தானாகத் தளரும். 'அவர் ஓட்டினால் மாலையிலிருந்து ஓர் இதழ் உதிராது' என்று சொல்வார்கள்.

அந்த ஊர்தியும் கிழம். கியர் மாற்றும்போது கிளட்சை இரண்டு தடவை மிதிக்கவேண்டும். நடுவில் எஞ்சின் சத்தம் இறங்குவதைக் காது கொடுத்துக் கேட்டு, சரியான நொடியில் தண்டை நகர்த்தவேண்டும். அவசரப்பட்டால் உள்ளே பற்சக்கரங்கள் நறநறவென்று கடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தை அவர் ஒருநாளும் ஊரறியக் கேட்கவிட்டதில்லை.

இந்தக் காதுதான் அவரைப் பந்தயத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

அவர் மனைவியின் தம்பி ஒரு மெக்கானிக். பல் டாக்டர் ஒருவருக்கு மாமனார் வழியில் வந்த சிவப்பு நிறப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, அவனுடைய ஷெட்டுக்குப் பெட்டி பெட்டியாக, எலும்புக்கூடு போல வந்து சேர்ந்தது. இரண்டே இருக்கை. மெக்கானிக்கைவிட வயதில் மூத்த கார். வருடக்கணக்கில் கிடந்து அதை முழுசாக்கினான். காத்திருந்து காத்திருந்து டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த சீசன் கடைசிப் பந்தயத்துல, தடம் முழுக்க முழு வேகத்துல இது ஓடணும்" என்றார். "இல்லன்னா கிளினிக் வாசல்ல நிறுத்திடுவேன். சிமென்ட் மேடை கட்டியாச்சு. எஞ்சினைக் கழட்டிட்டுச் செடி வெச்சுடலாம்னு வீட்ல சொல்றாங்க."

பந்தயத்துக்குச் சில நாள் முன்னால், தான் கொட்டிய எண்ணெயில் தானே வழுக்கி விழுந்து, கிளட்ச் மிதிக்கிற இடதுகாலில் மாவுக்கட்டோடு வந்து நின்றான் மெக்கானிக்.

"மாமா, நீங்கதான் ஓட்டணும்."

"டேய் மாப்ள, என்னைச் சைக்கிள்ல முந்திப் போறவங்க மணிகூட அடிக்கறதில்ல. தெரியும்ல?"

"ரெண்டு பசங்களை உக்கார வெச்சுப் பாத்துட்டேன். ஒருத்தனுக்கும் கேக்கவே தெரியல. உங்க வண்டியில இருக்கற மாதிரியேதான் இதுலயும் கியர்பாக்ஸ். வேகத்தை வண்டி பாத்துக்கும். எனக்கு உங்க காது வேணும். ஒரு பல்லு உடைஞ்சாலும் போட வேற பல்லு கிடைக்காது."

"பல்லு டாக்டர் காருக்கே பல்லு கிடைக்காதாமே!" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தாள். அப்புறம் வெளியே வந்து, தம்பியின் காலைப் பார்த்தாள், கணவரின் முகத்தைப் பார்த்தாள். "போயிட்டுதான் வாங்களேன்" என்றாள்.

அன்று மாலை ஷெட்டில் அவர் முதன்முதலாக அந்தக் காருக்குள் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, இறங்கினார் என்று சொல்லலாம். அவருடைய பின்பக்கம் தரையில் உரசிவிடும் போலிருந்தது. மெக்கானிக் சாவியைத் திருப்பச் சொன்னான். அவருடைய ஊர்தி இருமும், முனகும், சில நாள் விக்கும். இது அப்படியில்லை. தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பெரிய உயிர் கண் விழித்து மூச்சு விட்டது. அந்த மூச்சு இருக்கை வழியாக ஏறி அவர் முதுகுத்தண்டில் போய் உட்கார்ந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க மனமில்லாமல் வெகுநேரம் அப்படியே இருந்தார்.

பந்தயம், கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில். வளைவு கிடையாது, மேடுபள்ளம் கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நடுவில் ஒரு கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் மேலிருந்து ஒவ்வொன்றாக எரிந்து இறங்கி, பச்சை விழுந்ததும் பறக்கவேண்டும். பச்சைக்கு முன்னால் நகர்ந்தால் சிவப்பு, ஓட்டம் போச்சு. ஆளுக்கு இரண்டு ஓட்டம்.

பெயர் பதிகிறவர் கேட்டார்: "முன்னாடி என்ன வண்டி ஓட்டியிருக்கீங்க?"

சொன்னார். பேனா நின்றது.

"உங்க பயணிங்க யாராவது புகார் சொல்லியிருக்காங்களா?"

"இதுவரைக்கும் இல்லைங்க."

தலைக்கவசம் மாட்டி, பட்டைகளை இறுக்கி, கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். பக்கத்துத் தடத்தில் ஒரு நீலக் கார் உறுமிக்கொண்டிருந்தது. மஞ்சள், மஞ்சள், மஞ்சள். பச்சை.

நிதானத்தின் கால் தன் தொழிலைச் செய்தது. கிளட்ச் பூப்போல எழுந்தது. சிவப்புக் கார், யாருக்கும் வலிக்கக்கூடாது என்பதைப் போலக் கோட்டைத் தாண்டியது. அவர் கண் நேராகக் கண்ணாடிக்குப் போனது. நீலக் கார் புள்ளியாகி மறைந்த பிறகும் இவர் தடத்தின் நடுவே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார். பார்வையாளர்களில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு ஒரு வரிசையே எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துத் தலைகுனிந்தது.

"ஐயா, யாரு தவறினாங்க?" என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பி வந்தபோது டாக்டர் சிரிக்கவில்லை. "நான் கேட்டது ஓட்டம். இது அடக்கம்" என்றார். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அதுவும் இப்படித்தான்னா, நேரா கிளினிக்குக்கு ஏத்திடுங்க." மெக்கானிக் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது நிதானத்துக்கு.

மனைவி வந்து கார்க் கதவருகே குனிந்தாள்.

"ஏங்க, கண்ணாடியில யாரைத் தேடுனீங்க?"

"தெரியல. கால் போகமாட்டேங்குது. அழுத்தினா யாரையோ விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு."

அவள் உள்ளே கையை விட்டு, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியை வானத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பினாள்.

"இன்னிக்குப் பின்னாடி யாரும் நடந்து வரலைங்க. யாரும் அழல. போங்க."

மறுபடி கோடு. மறுபடி அதே நீலக் கார். அதை ஓட்டிய பெண் இவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள், கிண்டலோ கரிசனமோ தெரியவில்லை. மஞ்சள் இறங்கியது. வலது கால் அழுத்த, எஞ்சின் சத்தம் ஏறியது. பச்சை விழுந்தது. அவர் கிளட்சை விட்டார். பூப்போல அல்ல, மூட்டை இறக்கினாற்போல.

இருக்கை அவரை முதுகில் அறைந்தது. தலை பின்னால் போனது, வயிறு அதற்கும் பின்னால் எங்கேயோ தங்கிவிட்டது. கார் ஒரு கணம் பக்கவாட்டில் துள்ளி, டயர் தரையைக் கவ்வி, நேரானது. தார் தண்ணீராக மாறி அவருக்கு அடியில் ஓடியது. சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. இதற்குமேல் ஒரு எஞ்சினால் முடியாது என்று அவர் நினைத்த இடத்தையும் தாண்டி ஏறிற்று. இப்போது மாற்றவேண்டும். கிளட்ச். தண்டு நடுவுக்கு. கிளட்ச் மேலே. அங்கே, அந்த இடைவெளியில், உலகமே வாய்பொத்தி நின்றதுபோல் ஓர் அமைதி. எஞ்சின் சுருதி மெல்ல இறங்குவது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. இறங்கு, இன்னும் கொஞ்சம், இதோ. மறுபடி கிளட்ச். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினாற்போல் இரண்டாவது கியர் உட்கார்ந்தது. காலை அழுத்தினார். மீண்டும் அந்த அறை.

வேகம் என்றால் ஆத்திரம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தார். சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்வலத்தைக் கடந்து போகிறவர்களின் முகத்தில் அதைத்தான் பார்த்திருந்தார். இதில் ஆத்திரமே இல்லை. பெட்டிகளில் துண்டுதுண்டாகக் கிடந்த இரும்புக்குள் இவ்வளவும் சுருண்டு படுத்திருந்ததா? யாரிடமும் சொல்லாமல், அவிழ்த்துவிடும் ஒரு கைக்காகக் காத்துக்கொண்டா? மூன்றாவது. நாலாவது. அடிவானம் பக்கத்தில் வந்துவிட்டது. யாரோ கத்தினார்கள். காருக்குள் அவர் ஒருவர்தான் இருந்தார்.

முடிவுக்கோடு எப்போது கடந்தது என்றே தெரியவில்லை. நீலக் கார் தனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் தோற்றுப்போனது புரிந்தது. ஒரு கார் நீளத்துக்கும் குறைவான வித்தியாசம் என்று பிறகு சொன்னார்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, ஓரமாக நிறுத்தி இறங்கினார். எஞ்சின் நிற்கவில்லை. ஒரு பிசிறில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஜீப்பில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். டாக்டர் இறங்கி, காரின் முன்மூடியில் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. எடுத்தார். மறுபடி வைத்தார்.

"இன்னொரு தடவை ஓட்ட முடியுமா?"

"ரெண்டு ஓட்டமும் முடிஞ்சுது சார்" என்றான் மெக்கானிக்.

"அப்ப அடுத்த சீசன்." என்றார் டாக்டர். "வீட்ல நான் சொல்லிக்கறேன். நீ முதல்ல அந்தக் காலைச் சரி பண்ணு. இல்ல, மெதுவாவே சரியாகட்டும். இவரே ஓட்டட்டும்."

மெக்கானிக் ஒற்றைக் காலில் நின்றபடியே மாமாவைக் கட்டிக்கொண்டு அழுதான். ஊன்றுகோல் எங்கே விழுந்ததென்று அவனுக்கே தெரியாது.

நிதானம் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். கருப்பாக, நேராக, கண்ணுக்கு எட்டுமட்டும் கிடந்தது ஓடுதளம். அதன் அந்தக் கோடியில் விளக்குக் கம்பம் தீக்குச்சி அளவில் நின்றது.

"அங்கேருந்தா?" என்றார். "அவ்வளவு தூரமும் நானா வந்தேன்?"

"பின்ன, நானா?" என்றாள் அவள்.