இடப்பக்கக் குழாயில் மங்கல்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது வேலை நேரத்தில்தான். லிஃப்டை இழுக்கும் மோட்டார் பழைய கட்டடங்களில் மொட்டைமாடிக்கு மேலே ஒரு சின்ன அறையில் இருக்கும். ஒருநாள் அப்படிப்பட்ட ஓர் அறையில் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, உதிரிபாகம் வரும்வரை வெளியே வந்து நின்றார். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரு வல்லூறு உட்கார்ந்து புறாவைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பிய்ந்த இறகுகள் காற்றில் மிதந்து வந்து இவர் காலடியில் விழுந்தன. உதிரிபாகம் கொண்டுவந்தவர் பின்னால் நின்று கூப்பிட்டது அவர் காதில் ஏறவே இல்லை.

மறுவாரமே நடைபாதைக் கடையில் ஒரு பைனாகுலர் வாங்கினார். பொம்மைக்கு அண்ணன் என்று சொல்லலாம். இரண்டு குழாய்களும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. ஒரு காக்கை இரண்டாகத் தெரிந்தது, போனஸாகத் தலைவலி. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆசையையும் மறந்திருப்பார். ஆனால் வேலைக்குப் போன ஒரு வீட்டில், கப்பலில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். தோலுறையில் இருந்து கனத்த பைனாகுலர் ஒன்றை எடுத்து, "சும்மா பாருங்க" என்று நீட்டினார். தெருக்கோடி மரத்தில் ஒரு குருவி, அலகில் புழுவோடு, கையெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்தது. புழு நெளிவதுகூடத் தெரிந்தது. மெக்கானிக் அதைத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களே வச்சுக்கோங்க. எனக்குக் கடல் பார்த்து அலுத்துப்போச்சு" என்றார் கப்பல்காரர்.

அதில் இருந்துதான் சேகரிப்பு தொடங்கியது. ஒன்று ஏரிக்கரைக்கு, கனம் அதிகம், ஆனால் பொழுது சாயும் வெளிச்சத்தையும் வழித்து எடுத்துக் கண்ணில் ஊற்றும். ஒன்று புதருக்கு, பத்தடியில் இருக்கும் தேன்சிட்டையும் தெளிவாகக் காட்டும். ஒன்று மழைக்கு. ஒன்று எதற்கும் இல்லை, அழகுக்கு. வீட்டில் இருந்த இரும்பு பீரோவின் மேல்தட்டு முழுவதும் அவற்றுக்கே. புதுச் செருப்புப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டு வாங்கி வந்து உள்ளே போட்டு வைப்பார். கண்ணாடியைத் துடைக்க மெத்தென்ற துணி, அதற்கு முன் தூசு தட்ட ஒரு பிரஷ்.

"இத்தனை பவுசு எனக்கு இருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்" என்பாள் மனைவி. அவள் கடைவீதியில் ஓர் ஆல்டரேஷன் கடையில் வேலை பார்த்தாள். கால்சட்டை நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. அவளுக்குப் பறவை என்றால் காக்கை, காக்கை அல்லாதது, அவ்வளவுதான்.

அந்த மழைக்காலத்தில் அவர் நெடுநாள் கனவாக இருந்த ஒன்றை வாங்கினார். புதிதில்லை, ஒருவர் கையாண்டு பத்திரமாக வைத்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஜன்னலருகே நின்று கண்ணுக்குத் தக்கபடி சரிசெய்தார். வலக்கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கக் குழாயில் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகினார். எதிரே மின்கம்பி. நடுவில் மட்டும் அழுக்கு விரல் பட்டதுபோல ஒரு மங்கல். திருகினார், திருகினார், மங்கல் போகவில்லை. கம்பியும் அந்த இடத்தில் லேசாக வளைந்து ஓடியது.

"ஏமாத்திட்டான்யா" என்றார்.

கேமரா ரிப்பேர் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். கடைக்காரர் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"அண்ணே, இது பளிங்கு மாதிரி இருக்கு. நான் எதைப் போய்க் கழட்ட?"

"இடப்பக்கம் பாரு."

"அதைத்தாண்ணே பாக்குறேன்."

கடைக்காரருக்குக் கைபழகிய வேலை கேமராதான், இதெல்லாம் பிடிபடாது என்று மனத்துக்குள் முடிவுகட்டிவிட்டு மெக்கானிக் வீடு திரும்பினார். ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று பீரோவைத் திறந்து கப்பல்காரர் கொடுத்ததை எடுத்தார். அதிலும் இடப்பக்கம் மங்கல். புதருக்கானதை எடுத்தார். மங்கல். மழைக்கானது, அழகுக்கானது, எல்லாவற்றிலும் அதே இடம், அதே அழுக்கு விரல்.

கட்டிலில் பைனாகுலர்களைப் பரப்பி வைத்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவரை, கடையில் இருந்து வந்த மனைவி பார்த்தாள்.

"என்ன, ஏலம் விடப் போறீங்களா?"

"பூஞ்சை புடிச்சிருச்சு. அத்தனையும் போச்சு. பீரோவோட இடப்பக்கம் குளியலறைச் சுவர் பாரு, அந்த ஈரம்தான். அதான் எல்லாத்துலயும் இடப்பக்கம் மட்டும் போயிருக்கு."

அவள் கைப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. "பூஞ்சை வரிசையில நின்னு, ஆளுக்கொரு இடப்பக்கம்னு பங்கு போட்டுக்கிச்சாக்கும்?"

"நீ சும்மா இரு. உனக்கு இதைப் பத்தித் தெரியாது."

"இதைப் பத்தித் தெரியாது. ஆனா ஒரு துணியில தையல் கோணலாத் தெரிஞ்சா, துணி கோணலா தையல் கோணலான்னு திருப்பிப் போட்டுப் பாப்பேன்." ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். "தலைகீழாப் புடிச்சுப் பாருங்க."

அவருக்குச் சட்டென்று புரிந்தது. தலைகீழாகப் பிடித்தால் இடக்குழாய் வலக்கண்ணுக்கு வந்துவிடும். பறவைகளைப் பார்க்கத் தொடங்கிய நாளில் இருந்து அப்படி ஒருதடவைகூட அவர் செய்து பார்த்ததில்லை. மெதுவாகத் திருப்பிக் கண்ணில் வைத்தார். இடக்கண்ணை மூடினார், மின்கம்பி நூல் பிடித்ததுபோல நேராக ஓடியது. வலக்கண்ணை மூடினார், கம்பி வளைந்தது.

கண்களை மாற்றி மாற்றி மூடி மறுபடியும் பார்த்தார்.

"என்னங்க?"

"பைனாகுலர் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

கண் மருத்துவர் ஓர் இளம்பெண். கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொன்னார். இடக்கண்ணுக்குக் கட்டங்கள் நடுவில் உருகியிருந்தன. விழித்திரையின் மையத்தில் ரத்தக்குழாய் கசிந்திருக்கிறது என்றார். கண்ணுக்குள் ஊசி போட்டுக் கசிவை நிறுத்தலாம்.

"போனது வருமா, டாக்டர்?"

"கொஞ்சம் வரலாம். இன்னும் போகாம பாத்துக்கலாம். ரெண்டு கண்ணும் திறந்திருந்தா பல பேருக்கு இது தெரியவே தெரியாது. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். "நாங்க துணியைத் திருப்பிப் போட்டுப் பாத்தோம்" என்றாள் மனைவி. மருத்துவருக்கு விளங்கவில்லை; சிரித்துவைத்தார்.

ஊசிகள் போட்டார்கள். மங்கல் சற்றுச் சுருங்கியது, அகலவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கும் ஏணியில் ஒருமுறை கால் படியைத் தேடிக் காற்றில் அலைந்ததும், அவராகவே சூப்பர்வைசரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். பட்டறையில் உட்கார்ந்து கன்ட்ரோல் பலகைகளைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனால் பட்டறைக்கு ஜன்னல் இல்லை, மொட்டைமாடியும் இல்லை.

பீரோவின் மேல்தட்டை அவர் திறப்பதே நின்றுபோனது. "மாமா, தூங்குற பொருளைத் தள்ளிவிட்டுடலாம், நானே ஆள் புடிக்கிறேன்" என்றான் மனைவியின் தம்பி. சொன்னபடி ஒருவரைக் கூட்டிக்கொண்டும் வந்தான். வந்தவர் அழகுக்கானதை எடுத்துப் பார்த்து, "வரவேற்பறை அலமாரியில வச்சா எடுப்பா இருக்கும்" என்றார். பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பார்க்கவே இல்லை. மெக்கானிக் அதை அவர் கையில் இருந்து மரியாதையாக வாங்கி உறைக்குள் போட்டார். "மன்னிச்சுக்கோங்க, விக்கல" என்றார். மைத்துனன் வாசல்வரை முணுமுணுத்துக்கொண்டே போனான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு விடுமுறைக் காலையில் மனைவி ஜன்னலில் இருந்து கூப்பிட்டாள். புதருக்கானது அவள் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவருக்குத் தெரியாது.

"இங்க வாங்க. கம்பியில ஒண்ணு உக்காந்திருக்கு. காக்கை இல்ல."

"எப்படி இருக்கு?"

"கோட்டு போட்ட மாதிரி. முதுகெல்லாம் நீலம், பளபளன்னு. வயித்துல வெள்ளை லைனிங். வால் ரெண்டாப் பிரிஞ்சிருக்கு, நல்ல கட்டிங்."

"தகைவிலான்."

"கழுத்துல ஒரு சிவப்பு ஒட்டுப் போட்டிருக்கு. தையல் தெரியல, சுத்தமான வேலை."

அவரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. வாங்கி, இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கையில் இரண்டு குழாய் இருக்க ஒன்றில் மட்டும் பார்ப்பது முதலில் எரிச்சலாக இருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டதுபோல. தகைவிலான் இறகைக் கோதிற்று. ஒட்டுச் சிவப்பு வெயிலில் சூடாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி தோளைத் தட்டும்வரை எரிச்சலும் நினைவில் இல்லை.

"போதும், குடுங்க. நான்தான முதல்ல பாத்தேன்."

கனமானவற்றை அவர் அந்த ஆண்டே பிரித்துக் கொடுத்தார், ஏரிக்குத் தவறாமல் வருபவர்களாகப் பார்த்து. மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு ஒன்று, கைநடுக்கம் உள்ளவருக்குக் குறைந்த உருப்பெருக்கமுள்ள ஒன்று. புதருக்கானது மனைவியுடையதாகிவிட்டது, அவளுடைய கண்களின் இடைவெளிக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. தனக்கென்று சட்டைப்பைக்குள் அடங்கும் ஒற்றைக்குழாய் ஒன்றை வாங்கிக்கொண்டார். முதலில் அதை வெளியே எடுக்கக் கூச்சப்பட்டார். பிறகு பழகிவிட்டது.

விடுமுறை நாட்களில் இருவரும் ஏரிக்குப் போனார்கள். அவளுக்குப் பெயர்கள் வாயில் நுழையவில்லை, அதனால் அவளே வைத்தாள். நீர்க்காகத்துக்கு, இறக்கையை விரித்துக் காயவைப்பதால், சலவைக்காரர். கொக்குக்கு சூப்பர்வைசர். அவர் திருத்திக்கொண்டே இருந்தார், அவள் காதில் வாங்கவில்லை.

போன வாரம் ஏரிக்கரை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றார்கள். அவள் நாணல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்சள் காலு. குட்டையா இருக்கு. வாலை ஆட்டிக்கிட்டே இருக்கு."

"காலு மஞ்சளா இருக்காது. உள்ளானா இருக்கும். சரியாப் பாரு."

"ரெண்டு கண்ணாலயும் பாத்துத்தான் சொல்றேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது; பைனாகுலரை இறக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது.

"ஏறு, ஏறு" என்றார்.

"அடுத்த பஸ்ல போகலாம்" என்றாள் அவள், மறுபடி நாணலைப் பார்த்து. "காலு மஞ்சள்தான்."

ஓட்டுநர் சற்றுநேரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார். மெக்கானிக் சட்டைப்பையில் இருந்து ஒற்றைக்குழாயை எடுத்தார்.