ராமருக்குப் பின்னால் ஒன்பது மாமிகள்

வலியசாலையில் எங்கள் தெருக்காரர்களின் பழைய போட்டோக்களைத் திரட்டி ஆல்பம் போடலாம் என்று முடிவானபோது, பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ரிட்டயரானவன், ஸ்கேனர் வைத்திருப்பவன், பேச ஆள் கிடைத்தால் விடாதவன். தெருவின் மிக முக்கியமான போட்டோவை ஒளித்து வைத்தவனும் நான்தான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அது ஒரு கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. ஒன்பது மாமிகள் வரிசையாக நிற்பார்கள். தனியாகப் படம் பிடித்துக்கொண்டால் ஆயுசு குறையும் என்று பயந்த காலம். பலருக்கு அது ஒன்றுதான் படம். எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. ஏழு வயதில் எனக்கு இங்க் பேனா கிடைத்த அன்று, ஒன்பது பேருக்கும் மீசை வைத்தேன். புது மருமகளாக நின்ற என் அம்மாவுக்கு முறுக்கு மீசை.

பிறகுதான் பயம் வந்தது. பூஜை அறையில், ராமர் பட்டாபிஷேகப் படத்தின் பின்பலகைக்குள் செருகிவிட்டேன். வெள்ளையடிக்க வந்தவர்கள்மேல் பழி விழுந்தது. அன்றுமுதல் தினமும் ராமர் முன்னால் வெகுநேரம் நின்றேன். குழந்தைக்கு என்ன பக்தி என்று வீட்டில் பூரித்தார்கள்.

ஆல்ப வேலை தொடங்கியதும் எதிர்வீட்டு மாமி தினமும் வந்தாள். இரண்டு வயதில் தாயைப் பறிகொடுத்து, வித்துராவில் மாமா வீட்டில் வளர்ந்து, கல்யாணமாகித்தான் இந்தத் தெருவுக்குத் திரும்பியவள். எழுபது தாண்டியும் அம்மாவின் முகம் தெரியாது.

"அந்தக் கல்யாணப் படம் கிட்டலையோ?"

"இல்லை மாமி."

"உங்காத்திலேதானேடா இருந்துது? எங்கம்மாவும் அதிலே நிக்கறாளாம். உங்கம்மா கடைசிவரைக்கும் சொல்லிண்டிருந்தா."

அதற்குமேல் தாங்கவில்லை. ராமரைக் கழற்றினேன். மீசைகள் கொஞ்சமும் நரைக்கவில்லை. பின்பக்கம் என் அம்மா பென்சிலில் எழுதிய பெயர்கள். என் மகள் கம்ப்யூட்டரில் மாமியின் அம்மாவுக்கு மட்டும் மீசையை எடுத்து, மழமழவென்று ஓர் உதடு வைத்துக் கொடுத்தாள். அதைக் கொண்டுபோய் நீட்டினேன்.

மாமி வெகுநேரம் பார்த்தாள். "மூக்கு எனக்கு வந்திருக்கு. இந்த வாய் யாரோடதுடா?"

"கம்ப்யூட்டரோடது, மாமி."

"அப்போ ஒரிஜினல் உன் கையிலே இருக்கு, அல்லே?"

இருந்தது. கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்பது வருஷத்துக்கு மேலேயாடா, அசத்தே!"

மாமி தன் அம்மாவின் மீசையைக் கட்டைவிரலால் மறைத்தாள். எடுத்தாள். மறுபடி மறைத்தாள். கையிலிருந்த கம்ப்யூட்டர் உதட்டைத் திருப்பித் தந்தாள்.

"இது வேண்டாம். மீசைக்கு அடியிலேயாவது எங்கம்மா வாய் இருக்கு. இதையே ஆல்பத்திலே போடு. கீழே 'மீசை உபயம்'னு உன் பேரையும் போடு."

போட்டேன். கோயில் டியூப்லைட்டில்கூட என் பெயர் வந்ததில்லை.

இன்னொரு பிரதி மாமியின் கூடத்தில் தொங்குகிறது, கண்ணாடிமேல் சந்தனப் பொட்டோடு. எப்போது போனாலும், "எங்கம்மாவுக்கு நமஸ்காரம் பண்ணிட்டு உக்காரு" என்கிறாள். முட்டிவலியோடு விழுந்து எழுகிறேன், மீசைக்கும் சேர்த்து.