முட்டுக் கொடுக்காமல் இடித்த சுவர்

வெள்ளைக்காரர் காலத்தில் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். துரையின் பங்களாவில் இரண்டு அறைகளை ஒன்றாக்கும் வேலை நடந்தது. "அது பேரிங் வால், முதலில் ப்ராப் வைக்கச் சொல்" என்று துரை ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு சொல்லும் எனக்குப் புரியவில்லை. படித்தவன் போய் அர்த்தம் கேட்பதா என்ற திமிரில் "எஸ் சார்" என்றேன். ஆட்களிடம் வந்து சுவரை இடிக்கச் சொன்னேன்.

"ஏனுங்க, மேல ஓடு நிக்குமுங்களா?" என்று கேட்டார் ஆட்களில் ஒருவரான வாழவந்தி ஊர் மாரப்பன்.

"துரைக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? இடி!"

பாதிச் சுவர் போனதும் உத்திரம் ஓடுகளோடு சரிந்தது. மாரப்பன் உயிர் தப்பினார். தோள் எலும்பு நொறுங்கியது. துரை தன் கம்பளம் பாழானதற்குக் கத்தினார். மாரப்பனின் மனைவி என்னிடம் வந்தார். "ஏனுங்க ரைட்டரய்யா, தெரியலைன்னு சொன்னா உங்க வாய் வெந்தா போயிரும்?"

துரைமேல் இருந்த கோபம் ஆறிவிட்டது. என்மேல் உள்ளது ஆறவில்லை. பேரிங் வால் என்பது கூரையின் பாரத்தைச் சுமக்கும் சுவர். ப்ராப் என்பது அதை இடிக்குமுன் உத்திரத்துக்குக் கொடுக்கும் முட்டுமரம். இவ்வளவுதானே!

இப்போது யார் வீட்டில் வேலை நடந்தாலும், புரியாத சொல் வந்தால் ஆட்கள் எதிரிலேயே "எனக்குத் தெரியாது, சொல்லுங்கள்" என்கிறேன். பதில் வரும்வரை யாரையும் கடப்பாரையைத் தொட விடுவதில்லை.